லாபம் அவர்களுக்கு, ஆபத்து நமக்கா?

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் வாசலில் மாலை ஷிப்டு விடும் நேரம். நாம் துண்டுப் பிரசுரம் கொடுத்துக் கொண்டிருந்தோம். பார்லிமெண்டில் 2025 டிசம்பரில் நிறைவேறிய அணுசக்திச் சட்டம் பற்றிய பிரசுரம் அது. தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு சகோதரி அதை வாங்கி, விளக்குக் கம்பத்தின் அடியில் நின்று படித்தார். பிறகு திரும்பி வந்து கேட்டார்: "ஏண்ணா, அணு கரெண்டு வந்தா எங்க வீட்டு பில்லு குறையுமா?"

இரண்டு நாள் கழித்துத் திருக்கழுக்குன்றம் பக்கம் போயிருந்தோம். நாற்றங்காலில் இருந்து கரையேறிய ஒரு விவசாயத் தொழிலாளி, வயதில் பெரியவர், கடல் இருக்கும் திசையைக் கையால் காட்டிச் சொன்னார்: "அந்த உலை நம்ம பக்கத்துலேயே இருக்குது தம்பி. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு வந்து பதில் சொல்றது?"

திரும்பும் வழியில் வண்டலூர் டீக்கடையில் ஐ.டி.ஐ. முடித்த ஒரு வாலிபர் வந்து சேர்ந்தார். அவருடைய கேள்வி இன்னும் சுருக்கம்: "தோழர், வேலை கிடைக்குமா? நிரந்தரமா, காண்டிராக்டா?"

மூன்று பேர், மூன்று கேள்விகள். டெல்லியில் இரண்டு சபைகளிலும் நடந்த பேச்சுகள் அத்தனையையும் தராசின் ஒரு தட்டில் வைத்து, இந்த மூன்று கேள்விகளை மறு தட்டில் வைத்தால் எந்தத் தட்டு தாழும் என்று வாசகர்களே தீர்ப்புச் சொல்லட்டும். மூன்றுக்கும் இங்கே பதில் சொல்ல முயல்கிறோம்.

நான்கே நாளில் ஒரு சட்டம்

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். 2025 டிசம்பர் 15ந் தேதி மசோதா வந்தது. 17ந் தேதி லோக்சபை நிறைவேற்றிற்று. 18ந் தேதி ராஜ்யசபை நிறைவேற்றிற்று. அந்த மாதமே ஜனாதிபதியின் ஒப்புதலும் கிடைத்தது. 1962ம் ஆண்டு முதல் இருந்து வந்த அணுசக்திச் சட்டமும், 2010ம் ஆண்டின் அணு விபத்து நஷ்டஈட்டுச் சட்டமும் ஒரே வீச்சில் ரத்தாயின. நம் தெருவில் ஒரு குடிதண்ணீர்க் குழாய் போட மனுக் கொடுத்தால் நான்கு மாதம் ஆகிறது. அறுபத்து மூன்று வருஷச் சட்டத்தைப் பிடுங்கி எறிய நான்கு நாள் போதுமாக இருந்தது!

விரிவாகப் பரிசீலிக்க நாடாளுமன்றக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. கேட்பாரில்லை. இந்தச் சட்டத்துக்கு அவர்கள் இட்ட செல்லப் பெயர் 'சாந்தி'. கொள்ளிக்கட்டைக்குக் குளிர்நிலா என்று பெயர் வைத்த கதைதான்.

சட்டம் செய்வது என்ன? இதுவரை அணுமின் நிலையம் கட்டுவதும் ஓட்டுவதும் சர்க்காருக்கும் பொதுத்துறைக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. இனி தனியார் கம்பெனிகளும் உலை கட்டலாம், உடைமையாக வைத்துக் கொள்ளலாம், ஓட்டலாம். யுரேனியத்தைச் செறிவூட்டுவது, எரிந்த எரிபொருளைப் பிரித்தெடுப்பது போன்ற வேலைகள் மட்டும் சர்க்கார் கையில். அதாவது லாபம் வரும் பகுதிக்குக் கதவு திறந்தாகி விட்டது. செலவும் சிக்கலும் உள்ள பகுதி நம் தலையில்!

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். உலைகளின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு இந்தச் சட்டம் சட்டபூர்வமான அந்தஸ்துத் தருகிறது. அது வெகு நாளைய கோரிக்கை, வரவேற்கிறோம். ஆனால் வேலிக்குக் கம்பி கட்டிய கையோடு ஓநாய்க்கு வாசலையும் திறந்து வைத்தால் அந்த வேலி எதற்கு?

அணு விஞ்ஞானம் நமது பகை அல்ல

நம்மைப் பார்த்து, 'இவர்கள் விஞ்ஞானத்துக்கு விரோதிகள், முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை' என்று கூப்பாடு போடுவார்கள். அந்தப் பூச்சாண்டி நம்மிடம் பலிக்காது.

நிலக்கரிப் புகை என்றால் என்ன என்று எண்ணூர் மக்களைக் கேளுங்கள். சாம்பல் படிந்த கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் வலை வீசும் மீனவரைக் கேளுங்கள். அந்தப் புகையோடு சேர்ந்து வானத்துக்குப் போகும் கரியமில வாயு பூமியைச் சூடாக்குகிறது என்பது இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். சூடு யாரை முதலில் தாக்குகிறது? குளிர்சாதன அறையில் இருப்பவரையா? இல்லை. சித்திரை வெயிலில் களை பறிப்பவரை, தகரக் கொட்டகையில் பாய்லர் பக்கத்தில் நிற்பவரை! மழையும் அப்படியே. 2015 டிசம்பர் முதல் நாளில் பெய்த பேய்மழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடி வீட்டுக்காரர் மாடிக்கு ஏறினார். ஓட்டு வீட்டுக்காரர் எங்கே ஏறுவார்?

ஆகவே புகை இல்லாத மின்சாரம் வேண்டும். சூரிய மின்சாரம் வேண்டும், காற்றாலை வேண்டும். இரண்டும் நாளுக்கு நாள் மலிந்து வருகின்றன. ஆனால் சூரியன் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடும். ஆடிக் காற்று ஐப்பசியில் வராது. இரவு ஷிப்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடைவிடாமல் வரும் மின்சாரம் தேவை. அந்த இடத்தில் அணுவுக்கும் பங்கு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. 1954 ஜூன் மாதம் சோவியத் நாட்டின் ஓப்னின்ஸ்க் நகரில் உலகிலேயே முதன்முதலாக ஓர் அணுமின் நிலையம் பொது மின்கம்பிக்கு மின்சாரம் தந்தபோது, ஹிரோஷிமாவைச் சாம்பலாக்கிய அதே அணு ஊருக்கு விளக்கேற்றவும் செய்யும் என்று உழைக்கும் மக்கள் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சி தவறல்ல.

நம் வீட்டுக்கு அருகிலேயே சாட்சி இருக்கிறது. தாம்பரத்தில் இருந்து தெற்கே சுமார் ஐம்பது கிலோமீட்டர் போனால் கல்பாக்கம். 1974க்குப் பிறகு கனடா நாடு அணுத்துறை உதவியை நிறுத்திக் கைவிரித்தது. நம் என்ஜினீயர்களும் தொழிலாளிகளும் சோர்ந்து போகவில்லை. 1983லும் 1985லும் இரண்டு உலைகளை இயக்கிக் காட்டினார்கள். 1985 அக்டோபரில் வேக ஈனுலையின் சோதனை உலை இயங்கத் தொடங்கியது.

வேக ஈனுலை என்பது என்ன? எளிமையாகச் சொல்வோம். பூமியில் கிடைக்கும் யுரேனியம் ஆயிரம் படி என்றால் அதில் ஏழு படிதான் சாதாரண உலையில் நேராக எரியும் சரக்கு. மற்றதெல்லாம் பெரும்பாலும் உமி போலக் கிடக்கும். ஈனுலை அந்த உமியையும் எரிபொருளாக மாற்றுகிறது. அடுப்பு எரிய எரியப் பக்கத்தில் புது விறகு விளைந்து கொண்டே வருவது போல. அடுத்த கட்டத்தில், நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலிலும் கேரளக் கடற்கரை மணலிலும் கிடக்கும் தோரியத்தையும் பயன்படுத்தலாம். 1950களில் ஹோமி பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டம் இதுதான். அந்நிய யுரேனியத்துக்குக் கை ஏந்தாமல் சொந்தக் காலில் நிற்க வகுத்த திட்டம்!

கல்பாக்கத்தில் 500 மெகாவாட் ஈனுலை கட்டும் வேலை 2004ல் தொடங்கிற்று. 200க்கு மேற்பட்ட இந்தியத் தொழிற்சாலைகளின் உழைப்பு அதில் சேர்ந்திருப்பதாகச் சர்க்காரே சொல்லிற்று. 2024 மார்ச் 4ந் தேதி பிரதம மந்திரி நேரில் வந்து, உலையின் மையத்தை நிரப்பும் பணியைப் பார்வையிட்டார். படம் எடுத்துக் கொண்டார். தேசத்தின் சாதனை என்றார். சாதனை யாருடையது? பொதுத்துறையுடையது! பொதுத்துறையின் தோளில் ஏறிப் படம் எடுத்துக் கொண்டு, அடுத்த வருஷமே பொதுத்துறையின் கதவைத் தனியாருக்குத் திறந்து விட்டார்கள்.

'அந்த உலை 2010ல் மின்சாரம் தரும் என்றார்களே, 2024லும் தரவில்லையே. 3,492 கோடி ரூபாய் மதிப்பீடு 6,800 கோடியைத் தாண்டியதே' என்று கேட்பார்கள். உண்மைதான், மறைக்கவில்லை. ஈனுலையைக் குளிர்விப்பது உருக்கிய சோடியம். அது காற்றுப் பட்டால் எரியும்; தண்ணீர் பட்டால் சீறி வெடிக்கும். ஜப்பானின் மோன்ஜு ஈனுலையில் 1995ல் சோடியம் கசிந்து தீப்பிடித்தது. அதைக் காட்டும் வீடியோப் படத்தை நிர்வாகம் மறைக்கப் பார்த்தது. கடைசியில் 2016ல் அந்த உலையையே மூடிவிடத் தீர்மானித்தார்கள். பிரான்சின் சூப்பர்பீனிக்ஸ் உலையும் 1990களின் கடைசியில் மூடப்பட்டது. ருஷ்யாவில் மட்டும் 1980ல் தொடங்கிய ஒன்றும் பின்னர் கட்டிய இன்னொன்றும் மின்சாரம் தந்து வருகின்றன. இது கடினமான வேலை. அவசரப்பட்டு முடிப்பதைவிடத் தாமதித்து ஒழுங்காக முடிப்பது மேல்.

சரி, தனியார் கையில் கொடுத்தால் தாமதம் தீருமா? அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

முதல் கேள்வி: பில் குறையுமா?

தனியார் முதலாளித்துவத்தின் சொர்க்கம் அமெரிக்கா. அங்கே ஜார்ஜியா மாநிலத்தில் வோக்டில் என்னும் இடத்தில் தனியார் மின் கம்பெனி இரண்டு பெரிய உலைகள் கட்டிற்று. சுமார் 1,400 கோடி டாலரில் முடியும் என்றார்கள். 3,000 கோடி டாலரையும் தாண்டி விட்டது. ஏழு வருஷம் தாமதமாகி, 2023லும் 2024லும்தான் அவை ஓடத் தொடங்கின. உலையை வடிவமைத்த வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி 2017ல் திவால் மனுப் போட்டது. பக்கத்து மாநிலமான தெற்கு கரோலினாவில் இரண்டு உலைகள் பாதியிலேயே கைவிடப்பட்டன. கட்டாத உலைக்கும் அந்த ஊர் ஜனங்கள் மின்கட்டணத்தில் தண்டம் அழுதார்கள்.

'அது பெரிய உலை. இனி வருவது சின்ன உலை. தொழிற்சாலையில் செய்து லாரியில் ஏற்றி வந்து பொருத்தி விடலாம்' என்கிறார்கள். சின்ன உலையின் கதையையும் கேளுங்கள். நியூஸ்கேல் என்ற அமெரிக்கக் கம்பெனி ஐடஹோ மாநிலத்தில் கட்டுவதாக இருந்தது. ஆயிரம் யூனிட் 58 டாலர் என்றார்கள். 2023 தொடக்கத்தில் 89 டாலர் என்றார்கள். அந்த நவம்பரில் திட்டத்தையே கைவிட்டு விட்டார்கள். ஒரு யூனிட் மின்சாரம்கூடப் பிறக்கவில்லை. அப்படியானால் சின்ன உலை உலகில் எங்குமே ஓடவில்லையா? ஓடுகிறது. ருஷ்யாவில் ஒரு மிதவைக் கப்பலில் 2020 முதல் ஓடுகிறது. சீனாவில் ஷிடாவ் விரிகுடாவில் புது மாதிரி உலை 2023 டிசம்பரில் வர்த்தக ரீதியாக ஓடத் தொடங்கியது. இரண்டையும் கட்டியது யார்? அரசுத் துறை! இந்தப் பாடத்தை மட்டும் நம் மந்திரிமார்கள் படிக்கவில்லை.

இங்கே நடப்பதைப் பாருங்கள். 2025ம் வருஷத்து பட்ஜெட்டில் சின்ன உலை ஆராய்ச்சிக்கென்று 20,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2033க்குள் ஐந்து உலைகள் ஓடுமாம். 2025ல் சுமார் 8,800 மெகாவாட்டாக இருந்த அணுமின் திறன் 2047ல் ஒரு லட்சம் மெகாவாட் ஆகுமாம். அதற்கு முன்பே, 2024 டிசம்பர் 31ந் தேதி, 220 மெகாவாட் உலைகளைத் தங்கள் சொந்த ஆலைத் தேவைக்குக் கட்டிக் கொள்ள வாருங்கள் என்று பெரிய கம்பெனிகளுக்கு அழைப்பு விட்டாயிற்று. அந்த 220 மெகாவாட் உலை யாருடைய வடிவம்? கல்பாக்கத்தில் நம் பணத்தில் செய்து, தப்பும் தவறும் திருத்தி, பல பத்தாண்டுகள் ஓட்டிப் பழகிய வடிவம். விதைநெல் நம்முடையது, உழவு நம்முடையது, அறுவடை அவர்களுடையது!

அந்த மின்சாரம் எங்கே போகும்? ஆலை முதலாளியின் உருக்கு உலைக்கும், கம்ப்யூட்டர் கிடங்குகளுக்கும். அமெரிக்காவில் 1979ல் விபத்து நடந்த த்ரீ மைல் ஐலண்டில், மூடிக் கிடந்த மற்றொரு உலையை மீண்டும் திறந்து மின்சாரம் வாங்க மைக்ரோசாப்ட் கம்பெனி 2024ல் ஒப்பந்தம் போட்டது. நம் சிறுசேரியிலும் அத்தகைய கிடங்குகள் எழும்பியிருக்கின்றன. இரவும் பகலும் குளிர்சாதனம் ஓடும் அந்தக் கட்டிடங்களில் மனிதர்கள் கொஞ்சம். மின்சாரத் தீனி கொள்ளை கொள்ளை.

தனியார் மின்சாரம் மலிவு என்ற பாட்டு நமக்குப் புதிதல்ல. 1990களில் மகாராஷ்டிரத்துக்கு என்ரான் கம்பெனி வந்ததே, நினைவிருக்கிறதா? மாநில மின்வாரியம் அந்த மின்சாரத்தை வாங்கி மூச்சுத் திணறிற்று. 2001ல் நிலையம் நின்றது. அந்த டிசம்பரிலேயே கம்பெனி திவாலாயிற்று. பிறகு அதைத் தூக்கி நிறுத்த வந்தவை பொதுத்துறை நிறுவனங்கள்தான்.

ஆகவே, சகோதரி, உங்கள் கேள்விக்கு நம்முடைய பதில்: முதலாளி தன் ஆலைக்குக் கட்டும் உலையால் உங்கள் வீட்டு பில் குறையாது. நமது மாநிலத்திலேயே 2022 முதல் மின்கட்டணம் திரும்பத் திரும்ப உயர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். பொதுத்துறை கட்டி, வாரியத்துக்கு அடக்க விலையில் கொடுத்தால் மட்டுமே குறைய வழி உண்டு.

இரண்டாவது கேள்வி: யார் பதில் சொல்வது?

1984 டிசம்பர் 2ந் தேதி இரவு போபால். யூனியன் கார்பைடு ஆலையின் விஷவாயு ஏழைகளின் குடிசைகளுக்குள் புகுந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. 1989ல் 47 கோடி டாலர் வீசி எறிந்து கணக்கை முடித்தார்கள். அந்தக் கம்பெனியின் தலைவர் ஆண்டர்சன் ஒரு நாள்கூட இந்தியக் கோர்ட்டுக் கூண்டில் நிற்காமல் 2014ல் அமெரிக்காவில் இறந்து போனார்.

அந்தக் காயத்தின் நினைவில்தான் 2010ம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு முக்கியமான ஷரத்துச் சேர்ந்தது. பழுதான யந்திரத்தைக் கொடுத்து அதனால் விபத்து நேர்ந்தால், யந்திரம் கொடுத்தவனிடம் இருந்து நஷ்டத்தை வசூலிக்கலாம் என்ற ஷரத்து அது. அமெரிக்கக் கம்பெனிகளுக்கு அன்று முதல் அது தொண்டையில் சிக்கிய முள். பதினைந்து வருஷம் முட்டி மோதினார்கள். புதிய சட்டம் அந்த முள்ளைப் பிடுங்கிக் கொடுத்து விட்டது! யந்திரம் விற்பவன் விற்றுவிட்டுப் போகலாம். ஒப்பந்தத்தில் அவனே ஒப்புக் கொண்டு எழுதியிருந்தால்தான் பிடிக்கலாம். எந்த ஓநாய் தன் கழுத்துக்குத் தானே சங்கிலி எழுதிக் கொடுக்கும்?

உலையை ஓட்டுகிறவனின் பொறுப்பாவது முழுசா? அதுவும் இல்லை. மிகப் பெரிய உலைக்கு உச்சவரம்பு 3,000 கோடி ரூபாய். உலை சிறுக்கச் சிறுக்க வரம்பும் இறங்கி, கடைசியில் 100 கோடி ரூபாயில் வந்து நிற்கிறது. கணக்குப் போடுவோம். சட்டம் வந்தபோது டாலர் சுமார் 90 ரூபாய். 3,000 கோடி ரூபாய் என்பது 35 கோடி டாலருக்கும் கீழே. 1989ல் போபாலுக்குக் கொடுத்த 47 கோடி டாலரே அநியாயம் என்று நாடு கொதித்தது. இன்று அதைவிடவும் குறைந்த தொகையை அணு உலைக்கு உச்சவரம்பாக வைத்திருக்கிறார்கள்! அதற்கு மேல் போனால் சர்க்கார் கஜானா. கஜானா என்றால் யார் பணம்? தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிற நம் பணம்.

2011 மார்ச் 11ந் தேதி ஜப்பானில் பூகம்பம், அதைத் தொடர்ந்து சுனாமி. புகுஷிமா நிலையம் டெப்கோ என்ற தனியார் கம்பெனிக்குச் சொந்தம். உலைகள் உருகின, லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். நஷ்டஈடு மட்டும் பத்து லட்சம் கோடி யென்னைத் தாண்டிற்று. கம்பெனியால் தாங்க முடியவில்லை; 2012ல் ஜப்பான் அரசே பணம் போட்டுப் பெரும்பகுதிப் பங்கை எடுத்துக் கொண்டது. லாபம் வந்த வரைக்கும் தனியார்; நஷ்டம் வந்ததும் தேசியமயம்! முதலாளித்துவத்தின் கீதை இதுதான்.

கல்பாக்கமும் சுனாமியைப் பார்த்தது. 2004 டிசம்பர் 26 காலை கடல்நீர் பம்பு அறைக்குள் புகுந்தது. ஓடிக் கொண்டிருந்த உலையை ஊழியர்கள் பத்திரமாக நிறுத்தினார்கள். ஈனுலைக்குத் தோண்டிய பள்ளம் தண்ணீரால் நிறைந்தது. ஊழியர் குடியிருப்பில் உயிர்ச்சேதம் நேர்ந்தது. உறவினர்களைக் கடல் கொண்டு போன நாளிலும் கடமையில் நின்ற அந்த ஊழியர்களை வணங்குகிறோம். ஆனால் பயிற்சி பெற்ற நிரந்தர ஊழியர் இருந்ததால்தான் அது நடந்தது என்பதை மறக்கக் கூடாது.

அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை அவசர கால ஏற்பாடுகள் வகுக்கப்படுகின்றன. சதுரங்கப்பட்டினமும் திருக்கழுக்குன்றமும் அந்த வட்டத்துக்குள் இருக்கின்றன. ஆலைக்கு ஆலை சின்ன உலை வைத்தால் எத்தனை வட்டங்கள் போடுவது? உலையைக் குளிர்விக்கத் தண்ணீர் எங்கிருந்து வரும்? கடலோரம் என்றால் கடல் உண்டு. உள்நாட்டில் என்றால் ஆறும் ஏரியும்தானே! பாசனத்துக்கா, உலைக்கா என்ற சண்டை வரும்போது மடைத் திறவுகோல் யார் கையில் இருக்கும்? பெரியவரே, உங்கள் கேள்வி உங்கள் ஊருக்கு மட்டுமான கேள்வி அல்ல.

கேள்வி கேட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் நாடு பார்த்தது. கூடங்குளத்தை எதிர்த்து இடிந்தகரையில் திரண்ட மீனவ மக்கள்மீது 2011லும் 2012லும் ராஜத்துரோக வழக்குகள் பாய்ந்தன. 2012 செப்டம்பரில் மணப்பாட்டில் போலீஸ் துப்பாக்கிக்கு ஒரு மீனவர் பலியானார். அணுவே வேண்டாம் என்ற அவர்கள் முடிவோடு நாம் முழுக்க ஒத்துப் போகாவிட்டாலும், தங்கள் கடலையும் பிள்ளைகளையும் பற்றிக் கேட்டது குற்றமா? பயத்துக்கு மருந்து விளக்கம், லத்தி அல்ல.

மூன்றாவது கேள்வி: என்ன வேலை?

கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாது, மூக்கில் நெடி அடிக்காது. எவ்வளவு பட்டது என்று கருவிதான் சொல்லும். அணுத்துறை ஊழியருக்கு ஒரு வருஷத்தில் 30 மில்லிசீவர்ட்டுக்கு மேல் படக் கூடாது, ஐந்து வருஷச் சராசரி 20ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்தக் கணக்கை நேர்மையாக எழுதி வைத்தால் விதிக்கு உயிர் உண்டு. காண்டிராக்டர் கூட்டி வரும் ஆள் இன்று ஓரிடம், நாளை வேறிடம். அவன் உடம்பில் ஏறிய கணக்கை யார் சுமந்து வருவது? வரம்பு நிறைந்ததும் 'போய் வா' என்று அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூட்டி வருவது முதலாளிக்கு மலிவு. புகுஷிமாவைச் சுத்தம் செய்த வேலையில், காண்டிராக்டருக்குக் கீழ் காண்டிராக்டர், அவனுக்குக் கீழ் இன்னொருவன் என்று அடுக்கடுக்காகத் தரகு பிடித்து, கடைசித் தொழிலாளியின் கூலியை நறுக்கிய கதை உலகறிந்தது.

பொதுத்துறை என்றால் எல்லாம் சரி என்று நாம் சொல்லவில்லை. 2003 ஜனவரி 21ந் தேதி கல்பாக்கத்து மறுசுத்திகரிப்பு ஆலையில் ஆறு ஊழியர்கள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். ஒரு வால்வு பழுதாகிக் கடுமையான கழிவு வரக் கூடாத இடத்துக்கு வந்து விட்டது. மாதிரி எடுக்கப் போனவர்களை எச்சரிக்க அங்கே கருவி இல்லை. ஊழியர் சங்கம் குரல் எழுப்பிப் போராடிய பிறகு, மாதங்கள் கழித்தே விஷயம் வெளியே வந்தது. இதில் இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, மூடி மறைக்கும் நோய் பொதுத்துறையிலும் உண்டு. இரண்டு, அந்த நோய்க்கு மருந்து தொழிலாளர் சங்கம். சங்கமே இல்லாத தனியார் உலையில் அந்த ஆறு பேரின் கதி என்ன ஆகியிருக்கும்? ஊமை கண்ட கனவு!

இதையும் கவனியுங்கள். 2025 நவம்பர் 21ந் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலாக்கினார்கள். வேலைநிறுத்த உரிமைக்கு விலங்கு மாட்டினார்கள். சரியாக ஒரு மாதத்துக்குள் அணு உலையைத் தனியாருக்குத் திறந்தார்கள். முதலில் காவலாளியின் கையைக் கட்டு, பிறகு கதவைத் திற! தம்பி, உங்களுக்கு வேலை உண்டு. ஆனால் எந்த வேலை என்பதை உங்கள் சங்கம் தீர்மானிக்க வேண்டும், காண்டிராக்டர் அல்ல.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: அணுமின் உலையின் உடைமையும் இயக்கமும் பொதுத்துறையிடமே இருக்க வேண்டும். புதிய சட்டத்தின் தனியார் கதவை மூட வேண்டும்.

இரண்டு: பழுதான யந்திரம் விற்றவனைப் பிடிக்கும் 2010ம் ஆண்டு ஷரத்தைத் திரும்பக் கொண்டு வர வேண்டும். நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு கூடாது.

மூன்று: அணுத்துறையில் நிரந்தர வேலைகளுக்குக் காண்டிராக்ட் கூடாது. ஒவ்வொரு தொழிலாளியின் கதிர்வீச்சுக் கணக்கும் அவர் கையிலேயே இருக்க வேண்டும். பாதுகாப்புக் குழுவில் சங்கப் பிரதிநிதி இருக்க வேண்டும்.

நான்கு: இரகசியம் என்ற போர்வையை விலக்கி, விபத்து அறிக்கைகளைத் தமிழில் வெளியிட வேண்டும். சுற்றுக் கிராமங்களில் கிராம சபையில் வைத்து விளக்க வேண்டும்.

ஐந்து: உலைக்காகக் கடலையும் நிலத்தையும் கொடுத்த கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் நிரந்தர வேலையும் முதலில் தர வேண்டும்.

தோழர்களே! நெருப்பைக் கண்டுபிடித்த ஆதிமனிதன் அதை ஒரு குடும்பத்துக்குக் குத்தகைக்கு விடவில்லை. ஊரே சுற்றி உட்கார்ந்து குளிர் காய்ந்தது. அணுவின் நெருப்பும் அப்படியே. நம் வரிப்பணத்தில், நம் பிள்ளைகளின் மூளையில், நம் தொழிலாளிகளின் கையில் மூட்டிய நெருப்பு அது. அதில் குளிர் காயும் உரிமை நம்முடையது; சுட்டால் யாரைக் கேட்பது என்று தெரிந்து கொள்ளும் உரிமையும் நம்முடையது.

அந்த மூன்று கேள்விகளையும் இனி ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் எல்லோரும் கேட்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவரை நிறுத்திக் கேட்க வேண்டும். பில் குறையுமா? யார் பதில் சொல்வது? வேலை நிரந்தரமா? மூன்றுக்கும் நேரான பதில் வரும் வரை விடக் கூடாது!